பெரியம்மா கார்டில் என் பெயர்

பெரியம்மாவின் ரேஷன் கார்டில் மூன்றாவதாக என் பெயர் இருந்தது. உறவு என்ற இடத்தில் ‘மகள்’ என்று எழுதியிருந்தது. நான் அவள் பெற்ற மகள் அல்ல, கொழுந்தன் மகள். பெரியப்பா சுரங்கத்தில் பர்மனன்ட், அப்பா கான்ட்ராக்ட். சுரங்க ஊழியர்களின் டவுன்ஷிப் பள்ளியில் இடம் கிடைக்கட்டும் என்று கம்மாபுரத்திலிருந்து என்னைக் கொண்டுவந்து, பிள்ளையில்லாத அவர்களின் கார்டில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்போது பல வீடுகளில் நடந்ததுதான். கார்டுக்காகச் சேர்த்த பிள்ளையைப் பெரியம்மா நிஜமாகவே மகளாக்கிக்கொண்டாள். அங்கேதான் வந்தது வினை.

நாலாம் வகுப்பில் என் இதயத்தில் ஓட்டை இருப்பது தெரிந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசு காப்பீட்டில் ஆபரேஷன் உண்டு. அப்பாவின் வருமானத்துக்கு அது கிடைக்கும், ஆனால் அவர் கார்டில் நான் இல்லை. நான் இருந்த கார்டு பெரியப்பாவுடையது. அவர் சம்பளத்துக்குக் காப்பீடு கிடையாது. கம்பெனி தரும் மருத்துவச் சலுகையோ பெற்ற பிள்ளைக்குத்தான். நல்ல கூத்து! இரண்டு வீட்டில் வளர்ந்தவள், ஆபரேஷன் என்று வந்ததும் எந்த வீட்டுக்கும் பிள்ளை இல்லை.

பெயரை நீக்கச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. “அக்கா...” என்று இழுத்தாள்.

“ஏன்டி முழிச்சிக்கினு நிக்கிற? புள்ள உசுரு பெருசா, கார்டு பெருசா?” என்று பெரியம்மாவே கிளம்பினாள். தாலுகா ஆபீஸில் சிவப்பு மையால் ஒரே கோடு. திரும்பும்போது பஸ்ஸில் என் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். “பேர்தான கண்ணு போவுது, நீ எங்க போவப்போற?”

அப்பாவின் கார்டில் ஏறினேன், காப்பீட்டு அட்டையும் வந்தது. அதோடு பெரியம்மாவை ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நான் இன்னும் அவர்கள் குவார்ட்டர்ஸில் இருப்பதை யாராவது பார்த்தால் அட்டையை ரத்து செய்துவிடுவார்களாம். “இன்சூரன்ஸ்காரங்க வந்து பாத்துட்டாங்கன்னா?” என்று என் துணிகளையெல்லாம் மடித்து, என்னைக் கம்மாபுரத்துக்கே அனுப்பிவிட்டாள். சென்னையில் ஆபரேஷன் நடந்தபோதும் வரவில்லை. கண் விழித்ததும் நான் கேட்டது அவளைத்தான். அம்மா பக்கத்தில் இருந்தும் அந்த வார்டில் எனக்கென்று ஒருத்தரும் இல்லாததுபோல் இருந்தது. அழுதேன். தையல் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

குணமான பிறகும் அந்தப் பயத்தில் அவள் என்னைக் கூப்பிடவில்லை, அனுப்ப அம்மாவுக்கும் மனம் வரவில்லை. விசேஷங்களில் பார்த்துக்கொண்டோம். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. இன்சூரன்ஸுக்காக யாரும் வீடு வீடாக வந்து பார்ப்பதில்லை என்று தெரிந்துகொண்டபோது எனக்கே கல்யாண வயது.

பெரியப்பா ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, இருவரும் நெல்லிக்குப்பத்தில் வாடகை வீட்டுக்குப் போனார்கள். பிறகு பெரியப்பாவும் காலமாகிவிட்டார். போன மாதம் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தேன். பெரியம்மா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“இனிமே ஆரும் வந்து பாக்க மாட்டாங்கதான கண்ணு? இன்னிக்கு ஒரு ராத்திரி இருந்துட்டுப் போறியா?”