ஒரு ராடு நேரம்

இப்போது நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை. எத்தனை மாதம் இருப்பேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. நேற்று மத்தியானம் சோறு தின்றுவிட்டு செல்போனைத் தடவிக்கொண்டிருந்தபோது ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டது. கையில் வைத்து ஆடும் பழைய கதை விளையாட்டு ஒன்றைப் புதிதாகச் செய்து வெளியிடப் போகிறார்களாம். கூடவே இரண்டு நிமிடப் படம். அதில் ஒரு சிற்றூர், நடுவே கிணறு. பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது நாங்கள் அன்று ஆடிய ஆட்டத்தின் கிணறு.

அதே நேரம் பெயிண்ட் அடிப்பவர் கம்ப்ரசரை ஓட்டினார். டீசல் புகை மூக்கில் ஏறியதும் நான் சத்தீஸ்கரில், போர் போடும் ரிக் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டுப் பல ஊர் சுற்றிய பிறகு போர்வெல் வண்டியில் ஏறினேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு. வண்டியின் டிரில்லர் செல்வம் அண்ணன், மேச்சேரிக்காரர். ராய்ப்பூர் பழைய சாமான் சந்தையில் அந்த விளையாட்டுப் பெட்டியை வாங்கி வந்தவர் அவர்தான். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கல்தூசி புகாமல் பாலிதீன் பையில் போட்டு, பைக்கு மேலேயே பொத்தானை அமுக்குவோம்.

போர் போடும்போது இருபதடி இரும்புக் குழாய், அதாவது ராடு, ஒன்று முழுதாக இறங்கிய பிறகுதான் அடுத்த ராடை மாட்ட முடியும். அதுவரை, லிவர் பிடிப்பவரைத் தவிர மற்றவர்களுக்குக் கை சும்மாதான். அதனால் ஒரு ராடுக்கு ஒருவர் ஆட்டம் என்று வைத்துக்கொண்டோம். மண் பாங்காக இருந்தால் பெட்டியைத் தொடுவதற்குள் முறை போய்விடும். கரும்பாறை வந்தவனுக்கு யோகம். முதலாளி பாறையைத் திட்டுவார், நாங்கள் உள்ளுக்குள் கும்பிடுவோம்.

ஆட்டத்தில் வரும் இங்கிலீஷைப் படித்துச் சொல்வது என் பொறுப்பு. மற்றவர்கள் அஞ்சாவதைத் தாண்டாததால் நான் பண்டிதன். கிணற்றடியில் அழும் ஒருத்தி மகனைத் தேடுகிறாள் என்றேன். செல்வம் அண்ணன் தம் முறை வந்தபோதெல்லாம் காடு மலை சுற்றி அந்தப் பையனைத் தேடினார். நேற்றுப் படத்தில் அவளும் வந்தாள். படத்தை நிறுத்தி, அவள் சொல்வதை நிதானமாகப் படித்தேன். தொலைந்தது மகன் அல்ல, ஆடு. ஆட்டுக்குப் பேர்போன மேச்சேரிக்காரரிடம் ஆடு என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பார்.

கடைசியில் ராஜாவின் கோட்டைக் கதவு வரை போய்விட்டோம். அதைத் தாமே திறப்பதாக அண்ணன் சொல்லியிருந்தார். மறுநாள் அவர் ரிக்கை விட்டு ஊருக்கே போகிறார். அன்று முந்தின ராடு என் முறை, அடுத்தது அவருடையது. என் ராடு இறங்கி முடிந்தது. அண்ணன் லிவரை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வந்து கை நீட்டினார்.

"ராடு முடிஞ்சுது, குடு சாமி."

"இருங்ணா, ஒரு நிமிசம்."

திறந்துவிடலாம் என்ற ஆசை. பை இடைஞ்சலாக இருந்ததால் பெட்டியை வெளியே எடுத்திருந்தேன். அடுத்த ராடு நாலடி இறங்கியிருக்கும், தண்ணீர் பீய்ச்சி அடித்தது. தோட்டக்காரர் குடும்பத்தோடு ஓடிவந்து சேற்றில் நனைந்து சிரித்தார். என் கையிலிருந்த பெட்டியிலும் சேறு வழிந்தது.

பெட்டியை வண்டியின் பானெட்டில் காய வைத்தோம். உயிர் வந்தது. ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வரியைக் காணவில்லை, 'புதிதாகத் தொடங்கு' மட்டும் இருந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல தண்ணி சாமி. அதப் பாரு," என்றார்.

அந்தக் கதவை நானும் பிறகு திறக்கவில்லை.

புதிதாகச் செய்கிறவர்களை மெச்சத்தான் வேண்டும். ஊரைப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள், ஆனால் ஒரு வீட்டைக்கூட நகர்த்தவில்லை. கிணற்றின் உடைந்த மூலையை உடைந்தபடியே விட்டு, அதற்கு ஒரு நிழல் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். பத்து அடிக்கு ஒருதரம் ஆட்டம் தானே பதிந்துகொள்ளுமாம். அழியவே அழியாதாம்.

சாயங்காலம் அண்ணனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் பக்கம் ஆட்டுச் சத்தம் கேட்டது.

"அந்தக் கதவு இருக்குதா?"

"இருக்குதுங்ணா."

"தொறந்துறாத. நான் வாரேன்."

வரட்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவோம். ஆனால் என் முறை முடிந்தது என்று சொல்ல இப்போது ராடு இல்லை. இந்தத் தடவை நானாகத்தான் கொடுக்க வேண்டும்.