போட்டவரே திறக்க வேண்டிய பூட்டு

பங்காருபேட்டையில் வாங்கிய பழைய கம்ப்யூட்டருக்குப் புது ஹார்ட் டிஸ்க் மாட்டினேன். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் வரும் செட்டப் திரையில் அதைப் பதிந்தால்தான் வேலை செய்யும். செட்டப்போ பாஸ்வேர்ட் கேட்கிறது. விற்றவருக்கு அது மறந்துபோய்விட்டதாம்.

நாளைக் காலைக்குள் சர்ச் பாட்டுகளை டைப் செய்து கொடுக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்தால் பாஸ்வேர்ட் அழிந்துவிடும் என்று இந்த இன்டர்நெட் குழுவில்தான் யாரோ எழுதியிருந்தீர்கள். ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். ஃபாக்டரியில் ஃபிட்டராக இருக்கும் என் வீட்டுக்காரர் தடுத்தார்.

"போட்டவன்தான் தொறக்கணும். எங்க ஷாப்ல மெஷினு ரிப்பேர்னா பூட்டு போடுவோம். இன்னொருத்தன் தொறந்தா, உள்ள வேலை செய்றவன் கை போயிடும்."

"இதுக்குள்ள யாரு கை இருக்குது?"

பேட்டரியைக் கழற்றி, மறுபடி மாட்டினேன். செட்டப் திறந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்து குக்கர் கத்தியது. அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள், பூட்டாத மெஷின் ஆபத்து என்று அவரே ஒரு புதுப் பாஸ்வேர்ட் போட்டுவிட்டார். கம்ப்யூட்டர் பெட்டியை மூடி, யாரும் திறக்க முடியாதபடி பின்னால் இருக்கும் வளையத்தில் தன் ஃபாக்டரிப் பூட்டையும் மாட்டி, சாவியோடு செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஃபாக்டரிக்குப் போன் போட்டேன். "இன்னாங்க பாஸ்வேர்டு?"

"போன்ல சொல்லக்கூடாது. வந்து நானே தொறக்கிறேன்."

அவர் வர நடுராத்திரி ஆகும். பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கோரமண்டல் பக்கம் யார் வீட்டிலாவது ஆக்ஸா பிளேடு இருந்தால் சொல்லுங்கள்.

பூட்டை அறுக்கத்தான்.