ஒரு ஸ்டூலும் என் வயித்தெரிச்சலும்

ஜவுளிக்கடை வேலைங்கிறது, ஊரார் கட்டிக்கிடப் போற சேலைக்கு நம்ம காலு வீங்குத பொழப்பு. நகைக்கடை, பாத்திரக்கடைன்னு எங்கன நிக்கவங்களுக்கும் இது தெரியும், மக்கா.

சங்கரன்கோவில்ல சேலை செக்‌ஷன்ல பதினோரு வருசமா நிக்கேன். நெசமாவே நிக்கேன். முழங்காலுக்குக் கீழ நரம்பு சுருண்டு கெடக்கு. இனியும் நின்னா ஆபரேஷன்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு.

ஸ்டூல் வந்தது

கடையில வேலை பாக்கவங்களுக்கு உக்கார வசதி குடுக்கணும்னு சட்டம் வந்து, ரொம்ப நாள் கழிச்சு எங்க முதலாளி அண்ணாச்சி ரெண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டாரு. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு எதுத்தாப்ல துண்டு, லுங்கி விக்குத செல்விக்கு. அவ வந்து ரெண்டு வருசம் ஆகல.

லுங்கிக்கு வாரவன் காட்டுன ஒண்ணை எடுத்துட்டுப் போயிருவான். அதனால அவ பாதி நாள் உக்காந்துதான் இருப்பா. சேலைக்கு வாரவங்க நாப்பதை விரிக்கச் சொல்லுவாங்க, நின்னாத்தான் விரிக்க முடியும். மடிக்காத சேலையெல்லாம் என் ஸ்டூல்ல குமிஞ்சு கெடக்கும். திருவேங்கடத்துல இருந்து கல்யாணச் சேலை எடுக்க வந்த அம்மா அதைப் பாத்துட்டுச் சொன்னாங்க: "சேலைக்கெல்லாம் உக்கார எடம் போட்டிருக்கீக, பரவால்லியே."

சங்கம் வந்தது

கடைத் தொழிலாளர் சங்கத்துல ஆள் சேக்க வந்தாங்க. செல்வி முதல் ஆளாக் கையெழுத்துப் போட்டா. உடனே அவளையே எங்க கடைக்குப் பொறுப்பாளரா ஆக்கிட்டாங்க. நான் சேரல. வீட்ல கேக்கணும்னு சொல்லிச் சமாளிச்சேன். நேத்து வந்தவளுக்குக் கீழ நானான்னு உள்ளுக்குள்ள எரிஞ்சது, அதான் விசயம். அவ கோவிக்கவே இல்ல. "ஃபாரம் என் பையிலயே இருக்குக்கா. எப்பத் தோணுதோ கேளுங்க."

வாயைக் குடுத்தேன்

ஆடித்தபசுத் திருவிழா நேரம், கடையில நிக்க எடமில்ல. செல்வி உக்காந்தபடியே ஒரு பெரியவருக்குத் துண்டு எடுத்துக் குடுத்தா. அவர் ஒண்ணும் நெனைக்கல. எனக்குத்தான் பொறுக்கல. நேரா அண்ணாச்சிகிட்டப் போயி, ஆள் வந்தாக்கூட அவ எந்திரிக்க மாட்டாள்னு போட்டுக் குடுத்துட்டேன். அவளை ரெண்டு வார்த்தை கேப்பாருன்னு பாத்தேன். அவரு ரெண்டு ஸ்டூலையும் மாடி குடோனுக்கு ஏத்திட்டாரு. "நல்ல வேளை நீயே சொன்ன. பதினோரு வருசம் நின்னவளுக்குத் தெரியாததா?"

ஸ்டூல் திரும்பி வந்தது

அந்த வாரம் காலு வீங்கி, செருப்பு ஏறல. செல்வி சங்கத்து மூலமா தொழிலாளர் ஆபீசுக்கு மனு எழுதினா. முதல் பேரா என் பேரு, கூடவே என் காலோட கதை. டாக்டர் சீட்டைக் கேட்டா, எடுத்துக் குடுத்தேன். அதிகாரி வந்து பாத்தாரு. அண்ணாச்சிகிட்ட சட்டத்தைச் சொன்னாரு. சாயங்காலமே ஸ்டூல் இறங்கிருச்சு.

செல்வி ஒண்ணை எனக்குப் பின்னால போட்டுட்டு, என் கையில இருந்த சேலையை வாங்கினா. "போட்டுக் குடுத்தது நீங்கதான்னு அண்ணாச்சி அன்னைக்கே சொல்லிட்டாரு. உக்காருங்கக்கா, நான் மடிக்கேன்."

முன்னாடி அவ உக்காந்திருக்காளேன்னு நின்னுக்கிட்டு எரிஞ்சேன், இப்ப இந்த மனசு அவளுக்கு மட்டும் எப்படி வாய்ச்சுதுன்னு உக்காந்துக்கிட்டு எரியுதேன். சட்டத்தால எனக்கு ஆன நல்லது அம்புட்டுதான்.