பாடிக் காட்டி வாங்கிய பாட்டு

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் போன வாரம் ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் போனை எடுத்து ஸ்பீக்கர் பக்கமாக நீட்டினாள். நான் ஒரு வாய் டீ குடிப்பதற்குள் என்ன பாட்டு, எந்தப் படம், யார் பாடியது எல்லாம் திரையில் வந்துவிட்டது. எங்கேயோ ஒரு தட்டு தட்டினாள். பாட்டு அவளுடையதாகிவிட்டது. "இவ்ளோதாம்மா" என்றாள். இவ்வளவுதானாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வந்தது. பேர் தெரியாத ஒரு பாட்டுக்கு நான் பட்ட பாட்டைச் சொன்னால் அவள் நம்பமாட்டாள். நீங்களாவது நம்புங்கள்.

அப்போது நான் விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலையில் இருந்தேன். எங்கள் ஊர் திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகிற வழியில், ஹைவேயை ஒட்டி. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பட்டன் போன் வாங்கியிருந்தேன். அதில் மெமரி கார்டு போடலாம், சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதைச் செல்போன் கடையில் கொடுத்தால் கம்ப்யூட்டரிலிருந்து பாட்டு ஏற்றித் தருவார்கள். யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதில்தான் விஷயமே இருந்தது. எங்கள் தெருப் பொண்ணுங்க அந்தக் கடைகளுக்குப் போவதில்லை. எந்நேரமும் அங்கே பசங்க கூட்டம். அண்ணனோ தம்பியோ கார்டை வாங்கிக்கொண்டு போவான், அவன் எதை ஏற்றிக்கொண்டு வருகிறானோ அதுதான் உன் பாட்டு. என் அண்ணன் அந்தோணி எனக்கு மாதா பாட்டும் அம்மா சென்டிமென்ட் பாட்டும் ஏற்றிக்கொண்டு வருவான். மிச்ச இடத்தில் அவனுக்குப் பிடித்த குத்துப்பாட்டு. மாதா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் நான் நாள் பூரா நின்று சம்பாதித்து வாங்கிய போனில் அவன் ரசனை ஓடுவது என்ன நியாயம், சொல்லுங்கள்.

காலையில் நான் ஏறுகிற தனியார் பஸ்ஸில் பென்டிரைவ் பாட்டு. ஸ்டாண்டில் வண்டியைக் கிளப்பும்போது டிரைவர் போட்டுவிடுவார். வரிசை மாறவே மாறாது, வண்டியும் நேரம் தவறாது. அதனால் எங்கள் ஸ்டாப்பிங்கில் நான் படியில் கால் வைக்கும்போதெல்லாம் ஒரே பாட்டு, அதுவும் அது முடிகிற இடம். ஒரு பொம்பளைக் குரல், வார்த்தையே கிடையாது, வெறும் ஹம்மிங். கீழே கீழே இறங்கிக்கொண்டே வந்து சட்டென்று மேலே ஏறி அங்கேயே நின்றுவிடும். அவ்வளவுதான், அடுத்த பாட்டு வந்துவிடும். எனக்கு மயிர்க்கூச்செறியும். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் சாப்பாட்டுப் பை, யார் காலை மிதிக்கிறேன் என்றுகூடத் தெரியாமல் நிற்பேன்.

முந்தின ஸ்டாப்பிங்கில் போய் ஏறி முழுசாகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அது ஊர்த்தெருக்காரர்கள் நிற்கிற இடம். காலனியில் இருக்கிற எங்களுக்குச் சர்ச் ஸ்டாப்பிங். யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை, ஆனாலும் எங்கள் பொண்ணுங்க அங்கே போய் நிற்பதில்லை. சரி, டிரைவரைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் எனக்கும் அவருக்கும் கல்யாணமே முடித்து வைத்திருப்பார்கள். கடைசியில் அண்ணனிடம்தான் சொன்னேன்.

"படம் பேரு சொல்லு. இல்ல மொத வரியாவது சொல்லு."

"தெரியாது. கடைசியில ஹம்மிங் வரும்."

"எத்த வச்சிக்கினு நான் கேக்கறது? ஊமைப் பாட்டா? வுடு ஆள" என்று போய்விட்டான்.

விடுவேனா. ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை பார்த்த செல்வியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டுச் செல்போன் கடைக்குக் கிளம்பினேன். அவள் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள். "பேரு கெட்டுடும்டி. உங்க அண்ணன் உன்னக் கொன்னுடுவான்."

"கெட்டா கெடட்டும். பேர வச்சிக்கினு நான் இன்னா பண்றது? எனக்குப் பாட்டு வேணும்."

கடைக்காரர் பாஸ்கர் என் கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஏசு பாட்டு போல்டரைத் திறந்துவிட்டார். அது அந்தத் தொழிலில் ஒரு பழக்கம். பட்டை போட்டிருந்தால் சாமி பாட்டு, தாடி வைத்திருந்தால் காதல் தோல்வி, ஆளைப் பார்த்துதான் போல்டர். "அது வேணாங்கண்ணா" என்றேன். படம் பேர் கேட்டார். மொதல் வரி கேட்டார். ரெண்டுக்கும் தெரியாது என்று தலையாட்டினேன். "பின்ன எப்டிம்மா தேடறது? பேஜாரு பண்ணாத. பின்னாடி ஆளு நிக்குது பாரு."

பாடினேன். கண்ணாடிக் கவுண்டரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த ஹம்மிங்கை முதலிலிருந்து கடைசிவரை பாடினேன். எனக்குக் கட்டைக் குரல். சர்ச் பாட்டுக் குழுவில் பின் வரிசையில் நிறுத்தி, மெதுவாகப் பாடு என்பார்கள். அன்றைக்கு மெதுவாகப் பாடவில்லை. எவனோ ஒருத்தன் கெக்கே பிக்கே என்று சிரித்தான். செல்வி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றாள். எனக்குக் காது ரெண்டும் பற்றி எரிந்தது, ஆனாலும் அந்த மேலே ஏறுகிற இடத்தை விடவில்லை, ஏறி முடித்துத்தான் நிறுத்தினேன்.

பாஸ்கர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். "இன்னொரு வாட்டி பாடும்மா" என்றார். பாடினேன். சிரித்தவனே "அண்ணே, அந்தப் படம்ணே" என்று ஒரு பேர் சொன்னான். இன்னொருத்தன் அதில்லை என்றான். பசங்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. பாஸ்கர் ஒவ்வொரு பாட்டாகத் திறந்து, கடைசிக்கு இழுத்து இழுத்துப் போட்டுக் காட்டினார். ஒன்றில் அந்தக் குரல் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மொதல்லருந்து போடுங்கண்ணா" என்றேன். போட்டார். ஒரு ஆம்பளைக் குரல். பொண்ணுங்களை நம்பாதே, எல்லாம் ஏமாற்றுக்காரிகள் என்று ஆரம்பித்து கண்டபடி ஏசுகிறது. கடையே கொல்லென்று சிரித்தது. இதற்கா இத்தனை நாள் தவம் கிடந்தோம் என்று எனக்கு எரிச்சலான எரிச்சல்.

"இவன் வேணாம். கடைசியில அவ பாடறத மட்டும் வெட்டிக் குடுங்க" என்றேன். ரிங்டோனுக்காக அங்கே பாட்டை வெட்டித் தருவது வழக்கம்தான். பாஸ்கர் அந்த ஆளை மொத்தமாக வெட்டி எறிந்துவிட்டு, ஹம்மிங்கை மட்டும் கார்டில் ஏற்றிக் கொடுத்தார்.

எனக்கு முன்னால் சேதி வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. அண்ணன் வாசலிலேயே நின்றான். "கடையில நின்னுக்கினு பாடினியாமே. கார்டக் குடு."

"என் சம்பளம். என் கார்டு."

அவன் கையை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தான். நான் போனைத் திறந்து, கார்டை எடுத்து வாயில் போட்டு மூடிக்கொண்டேன். அவன் கத்துகிறான், நான் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு முறைக்கிறேன். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கடைசியில் அம்மாதான் சொன்னது, "வுட்ருடா, முழுங்கித் தொலைக்கப் போறா." அதோடு அவன் என் கார்டைக் கேட்பதை விட்டான்.

அடுத்த வாரமே தெருப் பொண்ணுங்க கார்டெல்லாம் என்னிடம் வர ஆரம்பித்தது. குழாயடியில் குடம் நிரம்புவதற்குள் ஒருத்தி வந்து காதோரமாகத் தனக்கு வேண்டிய பாட்டை முணுமுணுத்துக் காட்டுவாள். நான் அதை விழுப்புரம்வரை மனசுக்குள் பாடிக்கொண்டே போய்ப் பாஸ்கரிடம் பாடிக் காட்டுவேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் நான் சும்மா விடமாட்டேன் என்று அதற்குள் தெரிந்துவிட்டது.

இப்போது அந்தக் கடையில் கவரும் சார்ஜரும் விற்கிறார்கள். குழாயடியும் இல்லை, வீட்டுக்கு வீடு பைப் வந்துவிட்டது. பாட்டு ஏற்றித் தருகிற அண்ணன்மார் அதிகாரமும் போய்விட்டது. அதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன், விட்டது சனியன். என் மகள் என்ன கேட்கிறாள் என்று எனக்கே தெரியாது. நன்றாகக் கேட்கட்டும்.

அந்தக் கார்டு ஒரு மழைக்காலத்தில் வேலை செய்யாமல் போனது. அந்தப் பாட்டு எங்கேயும் போகவில்லை, எந்தப் போனில் தேடினாலும் அந்த ஆள் முதலிலிருந்து ஏசிக்கொண்டு வந்து நிற்கிறான். அவனை வெட்டிவிட்டு நான் வாங்கிய அவள் பங்கு மட்டும் என் தொண்டையில்தான் இருக்கிறது. நட்டநடு ரோட்டில் நிற்க வைத்துக் கேட்டாலும் பாடுவேன், அதே கட்டைக் குரலில். இன்னொரு வாட்டி பாடு என்று கேட்கத்தான் இப்போது ஆளில்லை.