மருமகள் வயிற்றில் பல் இருந்ததைக் கண்ட மதுரைப் பயணம்

சென்ற மாசியில் என் மருமகள் செசிலியை மதுரைக்கு அழைத்துப் போனேன். அவள் அடிவயிற்றில் ஒரு கட்டி. ராமநாதபுரத்து டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "சூலகத்தில் கட்டி. நல்லதா கெட்டதா என்று மதுரையில்தான் சொல்வார்கள்" என்றார். கெட்டது என்றால் புற்றுநோய்; இரண்டு சூலகங்களும் கருப்பையும் போகும், உயிருக்கும் உறுதியில்லை. அவளுக்கு இருபத்தாறு வயது. இன்னும் குழந்தை இல்லை. இதே காரணத்துக்காகப் போக நேரும் எங்கள் பாம்பன் தீவுப் பெண்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அக்காள்மடத்திலிருந்து பாம்பன் ஸ்டேஷனுக்கு மாட்டுவண்டி. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "என்ன தாயி, மருமகளுக்குப் பேறுகாலமா?" என்றார்.

"ஆமாண்ணே, பிறந்தா உங்க பேரைத்தான் வைக்கப்போறேன். மாட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள் செசிலி.

வழிப்போக்கில் வாயாடக் கூடாது என்று கடிந்துகொண்டேன். என் முந்தானை நுனியை அவள் விடாமல் பிடித்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

மதுரை நூறு மைலுக்குச் சற்றுக் குறைவு. பாசஞ்சரில் கரித்தூள் கொட்டும். என்னைப் போல வெள்ளைச் சேலை உடுத்திப் போகாதீர்கள். ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஜட்கா எழுபத்தைந்து நயா பைசா. ஒரு ரூபாய் கேட்பார்கள், இறங்கி நடப்பது போல் காட்டினால் போதும்.

டாக்டரம்மா நிதானமாக அழுத்திப் பார்த்தார். "ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கு. வழவழப்பா இருக்கு, தள்ளினா நகருது. வயித்துல நீர் கட்டலை. கரடுமுரடா, ஒட்டிக்கிட்டு, ரெண்டு பக்கமும் இருந்தா பயப்படணும். ஆனா கையை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது" என்றார்.

பிறகு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு வெள்ளைப் புள்ளிகள். 'இடுப்பில் சுரூபம்' என்று ராமநாதபுரத்தில் குறித்திருந்தார்கள். பிள்ளை வரம் கேட்கும் எங்கள் கரைப் பெண்கள் அரைஞாணில் அந்தோனியார் உருவம் பொறித்த சிறு உலோகச் சுரூபம் கட்டிக்கொள்வார்கள். அதைப் பார்த்துப் பழகிய டாக்டர் இதையும் அதுவென்றே எண்ணிவிட்டார்.

"சுரூபமாக இருக்க முடியாது. படம் எடுக்கும் முன் நானே அவிழ்த்து என் கையில் வைத்திருந்தேன்" என்றேன்.

டாக்டரம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். உடனே மறுபடியும் படம் எடுக்கச் சொன்னார். அதே புள்ளிகள், இம்முறை தெளிவாக.

"பல்லு!" என்று சிரித்தார். இப்படிச் சில கட்டிகளுக்குள் முடியும் கொழுப்பும் பல்லும் வளருமாம். அவை பெரும்பாலும் கெடுதல் செய்யாதவையாம். "எடுத்துச் சோதிச்ச பிறகுதான் முடிவாச் சொல்வேன். ஆனா எனக்கு நம்பிக்கை வந்திருச்சு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். செசிலி கட்டிலில் படுத்தபடியே, "கல்யாணமான நாள்லருந்து உங்ககூடப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்ல அத்தை, இருக்கிற பல்லு பத்தாம உள்ளயும் முளைச்சிருச்சு" என்றாள். டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பிக்கொள்ளவில்லை, வாய்விட்டுச் சிரித்தேன்.

கட்டியிருந்த பக்கத்தை மட்டும் எடுத்தார்கள். சோதனையிலும் புற்று இல்லை என்று வந்தது. மறுபக்கம் நன்றாக இருக்கிறது, பிள்ளை பெறத் தடையில்லை என்றார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கட்டி என்றதும் எண்ணெய் தேய்த்து அமுக்காதீர்கள். பழைய எக்ஸ்ரேயை மறக்காமல் எடுத்துப் போங்கள். படம் எடுக்குமுன் இடுப்பிலிருப்பதை அவிழ்த்துவிட்டு, அவிழ்த்ததை டாக்டரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். நான் அதை ராமநாதபுரத்திலேயே சொல்லியிருக்கலாம்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தேன். என்னோடு பயணம் செய்தவர்களுக்குத் தெரியும், அதை நான் என் கணவருக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை.