பச்சைக்குள் கரைந்த சிவப்பு

அறுபதுகளில் போர்ட் பிளேரில் ஓர் அரசுப் பட்டறையில் நான் பெயிண்டராக இருந்தேன். படகுகளுக்கு நம்பர் எழுதுவது, அலுவலகங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது, இவைதான் வேலை. திருநெல்வேலியில் சினிமா பேனர் வரைந்து பழகிய கை என்பதால் எழுத்துக்கு நிழல் கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

பாம்பூஃப்ளாட் என்ற ஊருக்கு அப்பால் ஒரு சின்ன ஜெட்டி, அதாவது படகுத்துறை, இருந்தது. பழைய ஜெட்டி இடிந்தபோது அதன் மரத்தூண்கள் இரண்டு தண்ணீருக்கடியில் நின்றுவிட்டன. நீர் ஏறினால் அவை கண்ணுக்குத் தெரியாது. அங்கே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று எஞ்சினியர் சொன்னார். அவர் வங்காளி. என்னிடம் இந்தியில் பேசுவார். "லால் லகாவ்," என்றார். சிவப்பு அடி என்று அர்த்தம்.

சிவப்பு அடித்தேன். சுற்றிலும் கரும்பச்சையில் பட்டை, எழுத்துகளுக்குக் கறுப்பு நிழல். பட்டறையின் வெள்ளைச் சுவரில் சாய்த்து வைத்தபோது வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

பலகையை அங்கே நட்டுப் பத்து நாள் கழித்து, நல்ல மழை பெய்த ஒரு காலையில் அந்த ஜெட்டிக்கு நானே படகில் போனேன். முப்பது பேருக்கு மேல் இருந்தோம். காய்கறிக் கூடைகள், இரண்டு ஆசிரியர்கள், கைக்குழந்தையோடு ஒரு தெலுங்குப் பெண். நான் சக்கரத்தைப் பிடித்திருந்த சாரங்கின் பக்கத்தில் நின்றேன். சாரங் என்றால் படகோட்டிதான், ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர். எல்லாரையும் போல நானும் அவரை பாய் என்றே கூப்பிடுவேன்.

என் பலகை எப்படித் தெரிகிறது என்று பார்க்கத் தேடினேன். காணவில்லை. கரை முழுக்க ஈரமான காடு. எவனோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டான் என்றே நினைத்தேன். பிறகு பார்த்தால், இருபது அடி தூரத்தில், நேர் எதிரே நிற்கிறது.

"பாய், பலகை. இடது பக்கம் ஒடிங்க."

"எங்க?" என்றார். அவர் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை நீட்டிக் காட்டினேன். சக்கரத்தை ஒடித்தார், ஆனால் நேரம் போதவில்லை. அடியில் தூண் உரசி, ஏதோ கிழிவது போல ஒரு சத்தம். படகின் அடிமரம் இணைப்பு விட்டு உள்ளே தண்ணீர் வந்தது. ஜனம் மொத்தமாக ஒரு பக்கம் நகர, படகு சாய்ந்தது. "உக்காருங்க, பைட்டோ, உக்காருங்க," என்று பாய் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பெண் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். எஞ்சினை நிறுத்தாமல் அவர் படகைச் சேற்றுக் கரையில் ஏற்றிவிட்டார். உயிர்ச்சேதம் எதுவுமில்லை. ஓர் ஆசிரியருக்கு மட்டும் கை முறிந்தது.

மறுநாளே பாயை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நான்காம் நாள் விசாரணை. நானும் சாட்சி. அதற்கு முந்தின சாயங்காலம் அவர் பெயிண்ட் ஷெட்டுக்கு வந்தார்.

"தம்பி, பலகை சிவப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அது காட்டோட காடாத்தான் தெரியுது. மழை இல்லாட்டியும் அப்படித்தான்."

முதலில் எனக்குப் புரியவில்லை. சிவப்பு டின்னின் மூடியையும் பச்சை டின்னின் மூடியையும் எடுத்து வைத்து, எது சிவப்பு என்று கேட்டேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு மூடிகளையும் என் பக்கமே தள்ளிவிட்டார்.

"ராத்திரியில சிவப்பு, பச்சை விளக்குப் பாத்து ஓட்டியிருக்கீங்களா?"

"ஓட்டினதில்ல. கேட்டப்பல்லாம் எதாவது சொல்லித் தட்டிக் கழிச்சிருவேன். நாலு புள்ளைங்க தம்பி. வெளிய சொல்லிராத."

அவர் போன பிறகு ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கண் அப்படி. என் கண்ணுக்கு என்ன வந்தது? வரைந்தவன் நான், எனக்கே தெரியவில்லையே.

விடிந்ததும் தகரத் துண்டுகளை எடுத்துக்கொண்டு, டிங்கி என்கிற சின்னத் துடுப்புப் படகு ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனேன். பச்சைப் பட்டையோடு சிவப்பு, வெள்ளைப் பட்டையோடு சிவப்பு, மஞ்சள் மேல் கறுப்பு என்று ராத்திரியே அவற்றில் அடித்திருந்தேன். கரையோர மரங்களில் தொங்கவிட்டுவிட்டுத் தள்ளிப் போய்ப் பார்த்தேன். மேகம் மூடியிருந்தது. பேனர் வரையும்போது செய்வதுபோல் கண்ணைப் பாதி மூடினேன். நிறம் மங்கி, வெளுப்பும் கறுப்பும் மட்டும் மிஞ்சியது. சிவப்பும் காடும் ஒரே இருட்டு. முதல் தகரம் இல்லவே இல்லை. வெள்ளைப் பட்டைதான் இரண்டாவதைக் காட்டிக்கொடுத்தது. மஞ்சள் தனியாக நின்றது. நான்கடி தூரத்தில், வெள்ளைச் சுவரில், நல்ல வெயிலில் பார்த்து நான் திருப்திப்பட்டிருக்கிறேன். அந்தச் சுவர் அங்கே கடலில் ஏது?

விசாரணையில் இதை மட்டும் சொன்னேன், பாயின் கண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை. எழுதினது என் தப்பு என்றேன். எஞ்சினியருக்குக் கோபம். சிவப்பு அபாயம் என்பது உலகத்துக்கே தெரியும், நீ எனக்குச் சொல்லித் தருகிறாயா என்றார். ஆனாலும் அன்று மத்தியானமே என்னையும் பாயையும் படகில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். தகரங்கள் மரத்திலேயே தொங்கின. வெகுநேரம் பார்த்தார். "பீலா," என்று மஞ்சளைத்தான் முதலில் காட்டினார். சிவப்பு இந்த மரத்தில், அந்த மரத்தில் என்று நான் சொல்லித்தான் மற்ற இரண்டையும் கண்டுபிடித்தார்.

எனக்கு மூச்சு வந்தது. அப்போது அவர் பாய் பக்கம் திரும்பி, மீதி இரண்டும் என்ன நிறம் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

நான் தண்ணீரைப் பார்த்தேன். பாய் ஒரு பொய் சொல்லிவிடலாம். சிவப்பு என்று சொன்னாலே போதும், நான் இப்போதுதான் வாயால் சொல்லியிருந்தேன். அவருக்கும் அது தெரியும்.

"மாலூம் நஹி, சாப்," என்றார், தெரியாது என்று. "லாலும் ஹராவும், சிவப்பும் பச்சையும், எனக்கு ஒண்ணுதான்."

எஞ்சினியர் படகைக் கரைக்குத் திருப்பச் சொன்னார்.

பாயைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டு, ஜெட்டியில் கயிறு பிடிக்கும் வேலை கொடுத்தார்கள். சம்பளம் குறைந்தது. எனக்கு ஒரு மெமோ. புதுப் பலகையை மஞ்சளில் கறுப்பாக எழுதினேன். நிழல், அலங்காரம் எதுவும் இல்லை. நிறமே தெரியாதவருக்கும் பக்கம் தெரியட்டும் என்று பலகையையே அம்பு வடிவத்தில் வெட்டினேன்.

நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று பாயின் மனைவி நம்பினார். தண்ணீர்க் குழாயடியில் என் மனைவியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பாயும் பல மாதம் என் முகத்தைப் பார்க்காமலே கயிற்றை வீசினார். நானும் எதையும் விளக்கவில்லை. அவரிடம் விளக்க எனக்கு என்ன தகுதி என்று இருந்தது.

ஒரு நாள் படகிலிருந்து இறங்கும்போது, கயிற்றைக் கட்டியபடியே அவராகப் பேசினார்.

"ஜெட்டிச் சுவத்துல தீயணைக்கிற வாளிக்குப் போர்டு எழுதியிருக்கியாமே. எங்க இருக்கு அது?"

திரும்பிப் பார்த்தேன். பச்சைச் சுவர். அதில் சிவப்புப் பலகை. நானேதான் எழுதியது, போன வருஷம்.

"நாளைக்குக் கழட்டிடறேன் பாய்," என்றேன்.

"கழட்டு," என்றார்.