காலடிப்பேட்டைக்காரனுக்கு நான் கொடுத்த உதை

நான் பிறந்தபோது தலை முதலில் வரவில்லை, கால்தான் வந்தது. அதனால் அம்மா பட்ட பாட்டை என்மேல் கோபம் வரும்போதெல்லாம் ஒரு தடவை சொல்லிக் காட்டாமல் விடமாட்டாள். ஆனால் இப்படிப் பிறந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் தனி மதிப்பு உண்டு. இடுப்புப் பிடித்துக்கொண்டவர்களும் முதுகு சுளுக்கியவர்களும் எங்களைத் தேடி வருவார்கள். வலிக்கிற இடத்தில் காலால் மூன்று உதை கொடுத்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம்பிக்கை. இதற்குக் காசு வாங்கக் கூடாது. வந்தவர் யாராக இருந்தாலும் முடியாது என்று திருப்பி அனுப்பவும் கூடாது. ராயபுரத்தில் எங்கள் தெருவில் மூட்டை தூக்குபவர், வலை இழுப்பவர், மாதா கோயில் உபதேசியார் வரைக்கும் என்னிடம் உதை வாங்காத ஆம்பளை குறைவு. கல்யாணமான பெண் ஆம்பளைகளை உதைக்கலாமா என்று மாமியார் ஆரம்பத்தில் முணுமுணுத்தாள். ஒருநாள் அவளுக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு பேச்சில்லை.

எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு சோடாக் கடை இருந்தது. கால்பந்து ஆடும் மாசங்களில் சாயங்காலம் ஆனால் அங்கே நிற்க இடம் கிடைக்காது. வேலை விட்டு வருகிற ஆட்கள் குளிக்காமல் கொள்ளாமல் அங்கேதான் போய் நிற்பார்கள். கப்பு யாருக்கு என்பதுதான் பேச்சு. கரி இறக்கும் கம்பெனி ஒன்றின் டீமை நாங்கள் ‘கரி’ என்போம். திருவொற்றியூர்ப் பக்கம் இருந்த ஓர் இரும்புப் பட்டறையின் டீம் ‘பட்டறை’. மூன்றாவது, கோட்டையிலிருந்து வரும் பட்டாளத்து வெள்ளைக்காரர்கள். நம் ஆட்கள் வெறுங்காலில் ஆடுவார்கள், வெள்ளைக்காரர்கள் பூட்ஸ் போட்டு ஆடுவார்கள். மழை பெய்தால் வெறுங்கால் வழுக்கும், அதனால் பாதிச் சண்டை மழையைப் பற்றித்தான்.

“மய பேஞ்சா கப்பு பட்டாளத்தானுக்குத்தான், எயுதி வெச்சிக்கோ.”

“மய எங்கடா வர்து? வெய்யில்ல அவுனுங்க மூஞ்சி நண்டு கணக்கா செவந்துகினு கீது, பாக்கல?”

நான் ஜன்னலுக்குள் அரிசி பொறுக்கிக்கொண்டு இதையெல்லாம் கேட்பேன். ஒருநாள் ஒருத்தர் போன வருஷத்து ஆட்டத்தில் கோல் போட்டது யாரென்று தப்பாகச் சொன்னார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? உள்ளே இருந்தே திருத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அன்று முதல் தகராறு முற்றினால், “யக்காவக் கேளு” என்று ஜன்னலைத் தட்ட ஆரம்பித்தார்கள். நானும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வேன்.

என் தீர்ப்பில் நடுநிலை எல்லாம் கிடையாது. கரிதான் என் டீம், ஏனென்றால் அதன் கோல்கீப்பர் என் தம்பி. என் வீட்டுக்காரரோ பட்டறையில் வேலை செய்பவர். பட்டறை டீம் தோற்றால் அவருக்குச் சோறு இறங்காது, ஜெயித்தால் எனக்கு இறங்காது. அதனால் எங்கள் வீட்டில் பந்து மாசத்தில் குழம்பு மிஞ்சிக்கொண்டே இருக்கும்.

அந்த வருஷம் மழையே வரவில்லை. பட்டாளத்தார் கொதிக்கிற மணலில் ஆடி, இறுதி ஆட்டத்துக்கு முந்தின ஆட்டத்திலேயே வெளியே போனார்கள். கப்புக்குக் கரியும் பட்டறையும் மோதப்போகின்றன என்றதும் ராயபுரத்தில் ஒருத்தரும் வேறு பேச்சுப் பேசவில்லை. பூசைக்குப் போன இடத்தில்கூட முன்பெஞ்சில் இரண்டு பேர் தலையைச் சேர்த்துவைத்து, எந்த ஆளை எங்கே நிறுத்துவது என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் கரிக் கம்பெனியிலிருந்து அந்தச் சேதி வந்தது. பந்தென்றால் உயிரை விடுகிற பழைய துரை சீமைக்குக் கப்பலேறிவிட்டார். புதிதாக வந்த துரைக்குக் குதிரைதான் பிடிக்கும், பந்து பிடிக்காது. கப்பு வந்தால் டீம் இருக்கட்டும், வராவிட்டால் கலைத்துவிட்டு எல்லோரையும் பழைய வேலைக்கே அனுப்பு என்று சொல்லிவிட்டாராம். சோடாக் கடையில் அதைக் கேட்டவர்கள் துரையைத் திட்டினார்கள். எனக்குத் திட்டக்கூட வாய் வரவில்லை. தம்பியின் பழைய வேலை எனக்குத் தெரியும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே பலகையில் கரிக்கூடை சுமந்தவன் அவன். ராத்திரியெல்லாம் இருமுவான், துப்பினால் கறுப்பாக வரும். கோல்கீப்பர் ஆன பிறகுதான் பழைய துரை அவனைக் கூடையிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டார். இருமல் நின்றது. இப்போது கப்பு வராவிட்டால் மறுபடியும் கூடைதான்.

பட்டறை டீமில் நாங்கள் பயந்தது ஒரே ஒரு ஆளுக்கு. நடுவில் நின்று கோல் போடுகிறவன், காலடிப்பேட்டைக்காரன். பேட்டையின் பேரிலேயே காலடி இருக்கிறது, அவன் காலுக்கு எப்படிக் குறி தப்பும் என்று என் வீட்டுக்காரர் பெருமையடிப்பார். தம்பியும், “அவன் ஒர்த்தந்தான் யக்கா பேஜாரு, மீதி பேர நான் பாத்துக்குவேன்” என்றான்.

ஆட்டம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் சோடாக் கடையில் ஒரே கூச்சல். “காலடி பட்த்துட்டாண்டோய்!” பட்டறையில் இரும்பு அச்சு ஒன்றைத் தூக்கும்போது அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். நிமிரவே முடியவில்லையாம். உடனே ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நடிப்பு என்றார் ஒருவர். கரி ஆட்கள் செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். காலடி இல்லாவிட்டால் பட்டறை யாரை நடுவில் நிறுத்தும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. நான் மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒருத்தரும் பார்க்காத இடத்தில் ஒரு குதி குதித்தேன். மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தியும் நேர்ந்துகொண்டேன். அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் பட்டறைக்குப் போனவர் போன சுருக்கில் திரும்பி வந்தார். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராமல் கால் மாற்றி நின்றார்.

“இன்னா?” என்றேன்.

“ஒண்ணியும் இல்லமே. கொஞ்சம் வெளிய வா.”

வெளியே ஒரு மாட்டுவண்டி. அதில் கோணிமேல் குப்புறப் படுத்துக்கொண்டிருந்தான் காலடிப்பேட்டைக்காரன். என் உதைக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் சோடாக் கடை காலியாகி மொத்தக் கூட்டமும் வண்டியைச் சுற்றிவிட்டது.

“தங்கச்சி, ஒதைக்காத! தம்பி சோத்துல மண்ணு போட்றாத!” என்றார்கள் கரிக்காரர்கள்.

“வூடு தேடி வந்தவன திருப்பி அனுப்புனா அந்தக் காலு வெளங்காது!” என்றார்கள் பட்டறைக்காரர்கள்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையில் அவர் மாட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு தம்பி வந்தான். அவனைக் கண்டதும் வண்டியில் கிடந்தவன் பதறிவிட்டான். நான் யாருடைய அக்கா என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

“வாணாம், வண்டியத் திருப்புப்பா. இவுங்க எப்டி என்னிய மனசார ஒதைப்பாங்க?” என்றான்.

தம்பி உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். “நல்லா ஒதை யக்கா. இவுரு பட்த்துகினு நாங்க ஜெயிச்சோம்னு வையி, கப்பு இவுரு இடுப்பு குட்த்துச்சின்னு இந்தக் கடையில நான் சாவுற வரைக்கும் சொல்லுவானுங்க. அத்த என்னால கேக்க முடியாது” என்றான். கூடை அவனுக்கும் நினைவில்லாமலா இருக்கும்?

தம்பி பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குக் கோபத்தைக் கிளப்பியது மற்றவன் பேச்சு. மனசார உதைக்கமாட்டேனாமே! என் காலைப் பற்றி அப்படி யாரும் அதுவரை சொன்னதில்லை.

“நான் கள்ள ஒதை ஒதைப்பேன்னு நெனச்சியா? எறங்கிப் படுறா கீய!” என்று கத்தினேன்.

வாசலில் பாய் போட்டுப் படுக்கவைத்தார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாதாவை நினைத்து முதல் உதை. “அய்யோ” என்றான். இரண்டாவதில் பல்லைக் கடித்தான். மூன்றாவதில் என் கோபம் அத்தனையும் இருந்தது. ‘மளுக்’ என்று ஒரு சத்தம், சோடாக் கடை வரைக்கும் கேட்டதாம். கொஞ்ச நேரம் அவன் அசையவே இல்லை. பிறகு மெதுவாகக் கையை ஊன்றி எழுந்து, நிமிர்ந்து, இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பட்டறைக்காரர்கள் போட்ட கூச்சலில் வண்டிமாடு மிரண்டது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தம்பியைக் கூடைக்கு அனுப்பியதே நான்தான் என்று தோன்றியது.

அன்றுவரை நான் மைதானத்துக்குப் போனதில்லை, ஜன்னலோடு சரி. அன்று போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகு ஒன்றின்மேல் அம்மாவோடு ஏறி நின்றேன். ஆட்டத்தைப் பார்த்த அளவுக்கு ஜனங்கள் என்னையும் பார்த்தார்கள். காலடி ஆரம்பத்தில் நிதானமாக ஓடினான். உடனே பட்டறைக்காரர்கள் என் பக்கம் திரும்பி, “கள்ள ஒதை!” என்று கை நீட்டினார்கள். சற்று நேரத்தில் அவன் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு மூலையில் ஒரு கோல் போட்டான். இப்போது கரிக்காரர்கள் திரும்பி, “தம்பிக்கே துரோகமா?” என்றார்கள். நான் யாருக்குப் பதில் சொல்வது? இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே வசவாக வைதேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

இரண்டாம் பாதியில் கரி ஒரு கோலைத் திருப்பிப் போட்டது. அப்புறம் இன்னொன்று. படகின்மேல் நான் ஆடிய ஆட்டத்தில் அம்மா கீழே இறங்கிவிட்டாள். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும், பந்து காலடியிடம் போனது. முன்னால் ஒருத்தரும் இல்லை, தம்பி மட்டும்தான். நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பாவி, என்ன உதை உதைத்தான்! பந்து தம்பியின் முகத்தில் ‘பட்’டென்று மோதி வெளியே போனது. தம்பி அப்படியே மல்லாந்து விழுந்தான். அவன் எழுந்து நிற்பதற்கும் விசில் ஊதுவதற்கும் சரியாக இருந்தது. கப்பு கரிக்கு! என்னை யார் படகிலிருந்து இறக்கினார்கள், எப்படி மைதானத்துக்குள் ஓடினேன், ஒன்றும் நினைவில்லை. தம்பி பிழைத்தான், தம்பி பிழைத்தான் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

நடுவில் பட்டறைக் கூட்டம் என்னை மறித்துக்கொண்டது. “பாதி ஒதைதான் ஒதைச்சிகீறா! அதான் கடேசில கோட்ட வுட்டான்!” என்று நாலாபக்கமும் கூச்சல். என் வீட்டுக்காரர் இடித்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றார். நின்றவர் கழுத்தைத் திருப்பி, “மெய்யாலுமே நல்லாத்தான ஒதைச்ச?” என்று காதோடு கேட்டார். கூட்டம் சொன்னதைவிட அது எனக்குச் சுட்டது.

அதற்குள் காலடிப்பேட்டைக்காரன் உடம்பெல்லாம் மண்ணோடு வந்துவிட்டான். எல்லோர் முன்னாலும் குனிந்து கால் விரலைத் தொட்டான். நிமிர்ந்தான். மறுபடியும் குனிந்து தொட்டான்.

“பாத்துக்கினீங்களா? யக்கா நல்லாத்தான் ஒதைச்சிச்சி. நாந்தான் சரியா ஒதைக்கல.”

கூட்டம் அடங்கியது. கப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக அங்கே வந்து நின்ற தம்பி, “அவுரும் நல்லாத்தான் ஒதைச்சாரு. என் மூக்கக் கேளு” என்றான். முதலில் சிரித்தவர் என் வீட்டுக்காரர்தான்.

திங்கட்கிழமை காலையில் தம்பி வீங்கின மூக்கோடு கிடங்கு வேலைக்குப் போனான்.